பார்வையற்றவர்களுக்கும் ஏற்ற ஆப், இணையதளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் கடைகளுக்கும் மண்டிகளுக்கும் ஆப் செய்து கொடுப்பவர்கள், அதைச் செய்யச் சொல்லும் முதலாளிகள், பொறியியல் கல்லூரி மாணவர்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகள் இவை. பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும். அது எங்கே என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

பார்வை இல்லாதவர் டச் போனை எப்படிப் பயன்படுத்த முடியும்?

நன்றாகவே முடியும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் கூடவே வருகிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை. விரலை வலப்பக்கம் தள்ளினால் திரையில் அடுத்து இருப்பதற்குப் போய் அதன் பெயரைச் சொல்லும். வேண்டியது வந்ததும் திரையில் எங்கே வேண்டுமானாலும் இரண்டு முறை தட்டலாம், அது திறக்கும். கணினி என்றால் என்விடிஏ இருக்கிறது, இலவசம். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது. ஜாஸ் என்பது காசு கொடுத்து வாங்குவது. பழகியவர்கள் பேச்சு வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பார்கள். பக்கத்தில் நிற்கும் நமக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாது.

அப்படியானால் எங்கள் ஆப்பிலேயே தமிழில் பேசும் வசதி வைத்துவிடலாமா?

வேண்டாம். நல்ல எண்ணத்தில் எல்லோரும் முதலில் செய்ய நினைப்பது இதைத்தான். பேசும் கருவி அவர் போனில் ஏற்கெனவே இருக்கிறது. அவருக்குப் பழகிய குரல், பழகிய வேகம். உங்கள் ஆப்பும் சேர்ந்து பேச ஆரம்பித்தால் இரண்டு குரலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, எதுவுமே கேட்காது. அவர் கேட்பது வேறு: ஸ்கிரீன் ரீடர் படிப்பதற்கு எழுத்தில் ஏதாவது ஒழுங்காக வைத்திருக்கிறீர்களா? அதைச் செய்தால் போதும். மைக் படம் போட்ட பட்டன், 'பேசி ஆர்டர் செய்யுங்கள்' எல்லாம் அதற்கு அப்புறம்.

நம் ஊரில் இதற்கு எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்?

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அதே கணக்கெடுப்பில் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் சேர்ந்து மக்கள்தொகை 33 லட்சத்துக்கு மேல். இதில் கண்புரை வந்த பெரியவர்கள், சர்க்கரையால் பார்வை மங்கியவர்கள், கண்ணாடி இல்லாமல் போனை எட்டிப் பிடித்துப் படிப்பவர்கள் பலர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஆனால் உங்கள் ஆப்பின் சின்ன எழுத்தோடு தினமும் மல்லுக்கட்டுவது அவர்கள்தான். போச்சம்பள்ளிச் சந்தையில் மத்தியான வெயிலில் போனைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த நேரத்தில் எல்லோருக்குமே பார்வை குறைவுதான்.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது?

பட்டன்களுக்குப் பெயர் வைப்பதிலிருந்து. இதைக் காதால் கேட்டால்தான் புரியும். மாங்காய் மண்டி விலை சொல்லும் ஆப் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கண்ணுக்கு அழகாக இருக்கிறது: மேலே அம்புக்குறி, அதற்குக் கீழே ஒவ்வொரு ரகத்தின் படமும் அதிகபட்ச, குறைந்தபட்ச விலையும், அடியில் போன் படம் போட்ட பச்சை வட்டம். டாக்பேக்கைப் போட்டு விரலைத் தள்ளிக்கொண்டே போனால் கேட்பது இது:

"அன்லேபிள்ட், பட்டன். இமேஜ். 22. 18. இமேஜ். 40. 35. அன்லேபிள்ட், பட்டன்."

அன்லேபிள்ட் என்றால் பெயர் வைக்காதது. எது பெங்களூரா ரகம், எது செந்தூரா ரகம்? 22 என்பது ரூபாயா, டன்னா? கடைசிப் பட்டனை அழுத்தினால் போன் போகுமா, ஆர்டர் போகுமா? ஒன்றும் தெரியாது. அதே திரை, பார்வைக்கு ஒரு புள்ளிகூட மாறாமல், இப்படியும் பேசலாம்:

"பின்செல்ல, பட்டன். இன்றைய விலை, தலைப்பு. பெங்களூரா, கிலோ 18 முதல் 22 ரூபாய். செந்தூரா, கிலோ 35 முதல் 40 ரூபாய். மண்டியை அழைக்க, பட்டன்."

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மத்தியான வேலை. அந்தப் பெயரை எழுதும் இடம் ஆண்ட்ராய்டில் கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன், ஃப்ளட்டரில் செமான்டிக்ஸ், ரியாக்ட் நேட்டிவில் ஆக்சசிபிலிட்டி லேபிள், வலைப்பக்கத்தில் ஏரியா-லேபிள். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. ஒரு ரகத்தின் படம், இரண்டு விலை எல்லாம் ஒரே நிறுத்தமாக வரும்படி சேர்த்துவிட்டதையும் கவனியுங்கள். இருபது ரகம் இருந்தால் அறுபது முறை தள்ளுவதற்கும் இருபது முறை தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

வலைப்பக்கமாக இருந்தால் இன்னும் ஒன்று. பட்டனுக்கு பட்டன் என்ற எச்டிஎம்எல் குறியை, அதாவது டேக்கையே போடுங்கள், தலைப்புக்குத் தலைப்பு டேக். டிவ் என்ற வெறும் பெட்டி டேக்கை எடுத்து, நிறம் பூசி, பட்டன் மாதிரி ஆக்கினால் கண் ஏமாறும், ஸ்கிரீன் ரீடர் ஏமாறாது. என்விடிஏ பயன்படுத்துபவர் 'எச்' விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் பக்கத்தைப் 'பார்க்கிறார்'. தலைப்பே இல்லாத பக்கத்தில் அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். விலைப்பட்டியலை அட்டவணையாகப் போட்டால், நெடுவரிசைத் தலைப்புகளை அதற்குரிய டேக்கில் போடுங்கள். அப்போதுதான் கட்டத்துக்குக் கட்டம் போகும்போது 'அதிகபட்சம், 22' என்று சேர்த்துச் சொல்லும்.

தமிழை ஸ்கிரீன் ரீடர் ஒழுங்காகப் படிக்குமா?

படிக்கும், நாம் ஒழுங்காக எழுதியிருந்தால். ஆண்ட்ராய்டில் கூகுளின் தமிழ்க் குரல் இருக்கிறது. விண்டோஸில் 'வள்ளுவர்' என்றே பெயர் வைத்த தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளலாம். என்விடிஏ-வுடன் வரும் ஈஸ்பீக் குரலும் தமிழ் படிக்கும், கொஞ்சம் இயந்திரத்தனமாக. குரல் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை எழுத்தில் இருக்கிறது.

முதலாவது பழைய ஃபான்ட். நம் ஊர் டிடிபி கடைகளில் இன்னும் பாமினியில் தட்டச்சு செய்பவர்கள் உண்டு. பாமினியில் 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரிவது, கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கிறது: எம், கே, செமிகோலன், கே, எச். ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். ஆக, ஒரு கல்யாணப் பத்திரிகை முழுவதும் காதில் விழுவது வெறும் ஆங்கில எழுத்துகளின் குப்பை. தமிழக அரசு 2010-லேயே, எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது. இன்றும் பாமினியில் புது ஆவணம் உருவாக்குவதற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. பழையதை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அடுத்து, ஒரே மாதிரி தெரியும் எழுத்துகள். 'எ' என்ற உயிரெழுத்தும் '௭' என்ற தமிழ் எண் ஏழும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். 'க' என்பதற்கும் '௧' என்பதற்கும் அதே கதை. துணைக்கால் போட வேண்டிய இடத்தில் 'ர' தட்டிவிடுவதும் நிறைய நடக்கிறது. பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. கேட்பவருக்கு மட்டும் வாக்கியத்தின் நடுவில் திடீரென்று ஓர் எண் வந்து நிற்கும். ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றிய ஆவணங்களில் இதைக் கட்டாயம் தேடிப் பாருங்கள்.

அப்புறம் மொழிக் குறியீடு. பக்கம் தமிழில் இருந்தும் எச்டிஎம்எல்-இல் மொழி ஆங்கிலம் என்றே விட்டுவைத்திருப்பார்கள், ஏனென்றால் டெம்ப்ளேட்டில் அப்படி இருந்தது. சில குரல்கள் அப்போது தமிழை அப்படியே விழுங்கிவிட்டு ஆங்கிலச் சொற்களை மட்டும் படிக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் ஆப் செய்பவர்களுக்கு இது மூன்று மடங்கு வேலை. அங்கே தெலுங்கும் கன்னடமும் வேண்டும். மொழி மாற்றும் பட்டனில் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்தந்த எழுத்திலேயே எழுதி, அந்தந்த மொழிக் குறியீட்டைக் கொடுங்கள். கொடி, கோபுரம் என்று படம் போட்டு மொழியைக் காட்டாதீர்கள்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஆங்கில உச்சரிப்பில்தான் வரும். வாட்ஸ்அப்பில் பரவாயில்லை. பணம் கட்டும் திரையில் வேண்டாம்.

அறிவிப்புகளை பிடிஎஃப் ஆகப் போட்டிருக்கிறோம். போதாதா?

ஒரு சோதனை செய்யுங்கள். அந்த பிடிஎஃப்-இலிருந்து இரண்டு வரியை அழுத்திப் பிடித்து காப்பி எடுத்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்புங்கள். தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம். கையொப்பம் போட்டு ஸ்கேன் செய்த சுற்றறிக்கைகள் எல்லாம் இந்த ரகம். தேர்ந்தெடுக்க முடிந்து, வந்து விழுவது கொம்பும் காலும் இடம் மாறிய குழப்பமாக இருந்தால், ஸ்கிரீன் ரீடருக்கும் அதே குழப்பம்தான். யூனிகோடில் தட்டியிருந்தாலும் சில மென்பொருள்கள் பிடிஎஃப் ஆக்கும்போது தமிழைச் சிதைத்துவிடுகின்றன. என் அபிப்பிராயம்: பிடிஎஃப் இருந்துவிட்டுப் போகட்டும், அதே செய்தியைச் சாதாரண வலைப்பக்கமாகவும் போடுங்கள். பார்வை உள்ளவர்களும் போனில் பிடிஎஃப்-ஐப் பெரிதாக்கி, இழுத்து இழுத்துப் படிக்க விரும்புவதில்லை.

படங்களுக்கு விளக்கம் எழுதச் சொல்கிறார்கள். எவ்வளவு எழுதுவது?

அந்தப் படம் அங்கே எதற்கு இருக்கிறதோ, அதை எழுதுங்கள். புடவை விற்கும் தளத்தில் 'புடவை' என்று எழுதிப் பயனில்லை. 'மயில்கழுத்து நிறம், இரண்டு விரல் அகலச் சிவப்பு ஜரிகை பார்டர், முந்தியில் மாங்காய் டிசைன்' என்றால் வாங்க முடியும். பார்வையில்லாதவருக்கு நிறம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர் கட்டிக்கொண்டு போகும் இடத்தில் மற்றவர்கள் பார்ப்பார்கள் அல்லவா? அதோடு, பிறகு பார்வை போனவர்களுக்கு நிறங்கள் நன்றாகவே நினைவிருக்கும். வெறும் அலங்காரப் படம், மூலையில் ஒரு பூ என்றால் பட விளக்கம் எழுதும் ஆல்ட் டெக்ஸ்டைக் காலியாக விடுங்கள். ஆனால் ஆல்ட் என்ற பண்பையே எழுதாமல் விட்டால், சில நேரம் கோப்பின் பெயரைக் கேமரா கொடுத்த எண்களோடு ஒப்பிக்கும்.

வரைபடத்துக்கும் இதேதான். 'எங்கள் கடைக்கு வழி' என்று மேப் மட்டும் வைக்காமல், 'கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து இந்தச் சாலையில், இத்தனையாவது கடை, வலது கைப் பக்கம்' என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். ஆட்டோக்காரருக்கும் உதவும்.

கொஞ்சம் பார்வை உள்ளவர்களுக்கு என்ன செய்ய வேண்டும்?

இவர்கள்தான் அதிகம், இவர்களைத்தான் மறந்துவிடுகிறோம். மூன்று விஷயத்தைப் பாருங்கள்.

நிற வேறுபாடு: டபிள்யூசிஏஜி என்ற உலகளாவிய விதித்தொகுப்பு, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு விகிதம், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்கிறது. மாம்பழ வியாபாரம் என்பதால் நம் பக்கம் எல்லோருக்கும் மஞ்சள் பிடிக்கும். வெள்ளையில் மாம்பழ மஞ்சள் எழுத்து 2-க்கு 1 கூட வராது. அதே மஞ்சளில் கறுப்பு எழுத்தைப் போடுங்கள், பிரமாதமாகத் தெரியும். வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025 அறிக்கையில் 94.8 சதவீதப் பக்கங்களில் குறை இருந்தது. முதலிடம் இந்த வெளிறிய எழுத்துக்குத்தான்.

எழுத்தளவு: போன் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர் உங்கள் ஆப்பைத் திறந்தால் அது மதிக்க வேண்டும். 200 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் எதுவும் வெட்டுப்படக் கூடாது. தமிழ்ச் சொற்கள் நீளம். 'சப்மிட்' அடங்கிய பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது.

இடம்: சில விழித்திரை நோய்களில், குழாய் வழியே பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். அப்படிப்பட்டவர் போன் எண்ணைத் தப்பாக அடித்திருக்க, நீங்கள் திரையின் உச்சியில் சிவப்புப் பட்டையில் செய்தி காட்டினால் அவர் பார்வைக்குள் அது வராது. பிழைச் செய்தி அந்தக் கட்டத்துக்குக் கீழேயே வரட்டும். சிவப்பு நிறம் மட்டும் போதாது, என்ன தப்பு என்று எழுத்திலும் சொல்லுங்கள்.

ஓடிபி, கேப்சா எல்லாம் பாதுகாப்புக்குத் தேவைதானே?

தேவைதான். ஆனால் ஆறு எண்ணுக்கு ஆறு தனித்தனிக் கட்டம் எதற்கு? 'எடிட் பாக்ஸ், எடிட் பாக்ஸ்' என்று ஆறு முறை கேட்டு, எத்தனையாவதில் நிற்கிறோம் என்று தெரியாமல், அதற்குள் குறுஞ்செய்தியைப் போய்ப் படித்துவிட்டுத் திரும்பினால் 30 விநாடி முடிந்திருக்கும். ஒரே கட்டம் வையுங்கள், 'ஓடிபி, ஆறு எண்கள்' என்று பெயர் கொடுங்கள், குறுஞ்செய்தியிலிருந்து தானாக நிரம்பும் வசதியைத் திறந்துவிடுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள். படத்தில் கோணலாக எழுதிய எழுத்தைப் படிக்கச் சொல்லும் கேப்சாவுக்கு இன்று மாற்று வழிகள் நிறைய உண்டு. 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2, உள்நுழைய புதிர் விடுவிக்கச் சொல்வதையே கட்டுப்படுத்துகிறது.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கியூஆர் அட்டையைச் சுவரில் எங்கோ ஒட்டியிருப்பீர்கள். கேமராவை எங்கே காட்டுவது என்று பார்வையற்ற வாடிக்கையாளருக்குத் தெரியாது. யுபிஐ-க்கான போன் எண்ணை வாயால் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பணம் வந்ததைத் தமிழில் சொல்லும் சவுண்ட் பாக்ஸ், கல்லாவில் இருப்பவர் பார்வையற்றவராக இருந்தால் பெரிய கொடை.

சட்டப்படி கட்டாயமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. மின்னணுத் தகவலும் பொருள்களும் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்பது பிரிவு 42. பிரிவு 46 சேவை தருபவர்களை அரசு, தனியார் என்று பிரிக்காமல் சேர்த்தே பேசுகிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழில்நுட்பத் தரம் ஐஎஸ் 17802.

2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இதில் முக்கியமானது. கேஒய்சி எனும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில் 'கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டுங்கள்' என்கிறார்கள். ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும், பார்வையற்ற ஒருவரும் அதனால் வங்கிக் கணக்கு, சிம் கார்டு போன்றவற்றுக்குப் படும் பாட்டை வழக்காகக் கொண்டு போனார்கள். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொல்லி, 20 உத்தரவுகளும் போட்டது. உங்கள் மண்டி ஆப் மேல் நாளைக்கே வழக்கு வரும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் வங்கிக்கோ அரசுத் துறைக்கோ டெண்டர் போடுகிறவர்கள் இதைப் படிக்காமல் இருக்க முடியாது.

ஒரு வரி கோடு போட்டால் தளம் முழுவதும் சரியாகிவிடும் என்று விற்கிறார்களே?

மூலையில் சக்கர நாற்காலிப் படத்தோடு வரும் அந்த விட்ஜெட்தானே? வாங்காதீர்கள். பெயரில்லாத பட்டனுக்கு என்ன பெயர் என்று அதற்கும் தெரியாது. எழுத்தைப் பெரிதாக்குவதை அவர் போனே செய்கிறது. எந்தத் தளத்தையும் தானாகவே விதிகளுக்கு ஏற்றதாக மாற்றும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை, 2025-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

செலவு எவ்வளவு ஆகும்?

டிசைன் செய்யும்போதே சேர்த்தால் பெரும்பாலும் தெரியவே தெரியாது. முடித்த ஆப்பைப் பிரித்துச் சேர்ப்பதென்றால் வலிக்கும். டெவலப்பரிடம் வேலை கொடுக்கும்போதே 'டாக்பேக்கில் ஆர்டர் போட்டுக் காட்டினால்தான் கடைசித் தவணை' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்களே எப்படிச் சோதிப்பது?

அமைப்புகளில் ஆக்சசிபிலிட்டி பகுதிக்குப் போய் டாக்பேக்கைப் போடுங்கள். ஒலியைக் கூட்டும், குறைக்கும் இரண்டு பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் போட, நிறுத்த முடியும்படி முன்பே குறுக்குவழி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நிறுத்தத் தெரியாமல் போனோடு போராடுவீர்கள். பிறகு திரையை அணைத்தோ கவிழ்த்தோ வைத்துக்கொண்டு ஒரு பொருளை ஆர்டர் செய்து பாருங்கள். லைட்ஹவுஸ், ஆக்ஸ், ஆண்ட்ராய்டின் ஆக்சசிபிலிட்டி ஸ்கேனர் போன்ற சோதனைக் கருவிகள் சில குறைகளைத் தாமே கண்டுபிடிக்கும். ஆல்ட் டெக்ஸ்ட் இருக்கிறதா என்று அவற்றுக்குத் தெரியும், அது உருப்படியா என்று தெரியாது.

அதற்குப் பிறகு, தினமும் ஸ்கிரீன் ரீடரில் வாழும் ஒருவரை அழையுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொள்வதும் அவர் பயன்படுத்துவதும் ஒன்றல்ல. 'இங்கே அழுத்துங்கள் சார், அங்கே அழுத்துங்கள்' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். வாயை மூடிக்கொண்டு, அவர் எங்கே தயங்குகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வந்து போகிற பஸ் செலவும் வேலைக்கான கூலியும் கொடுங்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவது கூலி ஆகாது.

ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு ஸ்மார்ட் ஸ்டிக் செய்யலாமா சார்?

தம்பி, ஒவ்வொரு வருஷமும் கல்லூரிக்குக் கல்லூரி அல்ட்ராசோனிக் சென்சார் வைத்த கைத்தடி வந்துகொண்டேதான் இருக்கிறது. மதிப்பெண் வாங்கியதும் அது லேபில் தூங்கும். சாதாரண வெள்ளைக் கோல் மடித்துப் பையில் வைக்கலாம், சார்ஜ் வேண்டாம், மழையில் கெடாது. உங்கள் கல்லூரியின் ரிசல்ட் பக்கத்தை டாக்பேக்கில் திறந்து பார். அதில் உள்ள குறைகளைப் பட்டியல் போட்டு, சரி செய்த வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டு. அடுத்த வருஷம் சேரும் பார்வையற்ற மாணவர் தன் மார்க்கைத் தானே பார்த்துக்கொள்வார்.

ஒருமுறை சரி செய்தால் போதுமா?

ஒவ்வொரு அப்டேட்டிலும் பாருங்கள். கீழ்ப்பட்டையில் 'ஆர்டர்' இரண்டாவதாக இருந்தது என்று பார்வையற்றவரின் விரல் மனப்பாடம் செய்திருக்கும். தீபாவளிக்குப் புது டிசைன் என்று அதை நான்காவதாகத் தள்ளினால், முன்கூட்டியே 'என்ன மாறியிருக்கிறது' என்ற பகுதியில் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பழைய லேபிள்கள் புது ஐகான்களோடு கூடவே வந்திருக்கின்றனவா என்றும் ஒருமுறை விரலைத் தள்ளிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் காணாமல் போகும்.